இரண்டு ரமணிகளும் இரண்டு ஷிஃப்டுகளும்

கணவன் பெயர் ரமணி. மனைவி பெயரும் ரமணி. இவ்வளவு சொன்னாலே போதும், நாற்பதைத் தாண்டியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். கே.பாலசந்தரின் ‘மின்பிம்பங்கள்’ நிறுவனத்துக்காக நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’. ஆண்டு 1998. ‘மர்மதேசம்’ எடுத்து நம்மையெல்லாம் போர்வைக்குள் பதுங்க வைத்த அதே நாகாதான் இதையும் எடுத்தார்!

கவிதாலயாவின் யூடியூப் சேனலில் கிடைக்கிறது. ஒரு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய டி.வி.க்காக எடுத்த படம் என்பதால் செல்போனைப் படுக்கவைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். நிறமும் கொஞ்சம் வெளிறித் தெரியும். இரண்டு நிமிஷத்தில் அது பழகிவிடுகிறது.

கணவன் ரமணியாக நடித்தவர் ப்ருத்விராஜ். பப்லு என்றால் இன்னும் சட்டென்று தெரியும். அதே 1998இல்தான் ‘அவள் வருவாளா’ படமும் வந்தது. அதில் சிம்ரனைப் பாடாய்ப் படுத்தும் கணவனாக வந்து தியேட்டரில் சாபம் வாங்கிக் கட்டிக்கொண்டவரும் இவரேதான். அங்கே மனைவியை மிரட்டியவர், இங்கே வாசுகியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு முழிப்பார். ஒரே ஆள், ஒரே வருஷம். இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அந்த முழி இன்னும் அதிகமாகச் சிரிக்க வைக்கிறது.

அன்றைய நகைச்சுவையில் மனைவி என்றாலே கையில் பூரிக்கட்டைதான் இருக்கும். (பத்திரிகை ஜோக்குகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) கணவன் பாத்திரம் தேய்ப்பான், சமைப்பான், நாம் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ரமணி வீட்டில் அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் சமமான வாய், சமமான வீம்பு. பெயரே ஒன்றாகிவிட்டதால் யார் பெரியவர் என்று தீர்த்துவைக்க ஒரு வழியும் இல்லை. ஒருவரை முட்டாளாக்கி இன்னொருவர் ஜெயிக்கிற கதையாக அது நடக்காது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்றால், அதற்கு இந்தச் சமத்துவம்தான் காரணம் என்பேன். அடுத்த வருஷமே ‘சித்தி’ வந்தது. அப்புறம் தினமும் மெகா சீரியல், தினமும் கண்ணீர். சிரிக்க வைத்தவர்கள் ஓரமாய்ப் போய்விட்டார்கள்.

நான் இருப்பது மண்ணூரில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் பிரிந்து பேரம்பாக்கம் சாலையில் வந்தால் எங்கள் ஊர். ரமணிகள் டி.வி.யில் சண்டை போட்ட அதே 1998இல்தான் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளியே வர ஆரம்பித்தன. அதன் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள், கம்பெனி பஸ்கள், வாடகை வீடுகள். வயல் பார்த்த வீடுகளுக்கெல்லாம் மேலே ஒரு மாடி ஏறியது. எங்கள் வீட்டுக்கும்தான்.

எங்கள் மாடியில் தென்காசிப் பக்கத்து இளம் ஜோடி குடியிருக்கிறது. இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனி. அந்தப் பெண்ணுக்கு எப்போதும் காலை ஷிஃப்ட். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். அவனுக்கு ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். அவள் சாவியைப் பூந்தொட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள், அவன் எடுத்துக்கொள்வான். வார விடுமுறையும் ஒரே நாளில் அமைவது அபூர்வம்.

போன வாரம் துணி எடுக்க வந்தவள், என் போனை எட்டிப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முழு எபிசோடும் பார்த்தாள். நன்றாகச் சிரித்தாள். முடிந்ததும் சொன்னாள்: “இவங்களுக்குச் சண்டை போட நேரம் இருக்கேக்கா!”

“ஏன், நீங்க போடுறதில்லையா?”

“போடுவோம்க்கா. நான் காலைல வாட்ஸ்அப்ல ஆரம்பிப்பேன். அவரு தூங்கி எழுந்து மத்தியானம் பதில் போடுவாரு. அதுக்குள்ள எதுக்குக் கோபப்பட்டேன்னு எனக்கே மறந்துரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அடுத்த எபிசோடைப் போட மனசு வரவில்லை.

இத்தனை தடவை பார்த்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தத் தொடரில் ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ரமணிகளும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். முறைத்துக்கொள்ள முகம் எதிரில் இருக்கிறது. பேசமாட்டேன் என்று உம்மென்று இருப்பதற்குக்கூட எதிரில் ஓர் ஆள் வேண்டுமே! போனில் கோபித்துக்கொண்டால், அவர் கோபமாக இருக்கிறாரா, லைனில் வேலையாக இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

சம்பளம் தேவை. இரண்டு சம்பளமும் தேவை. ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது. ஷிஃப்டை மாற்றிக்கொள் என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிடலாம், நடப்பது லேசில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு வேளையாவது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட, ஓவர்டைம் ஒன்றை விட்டுக்கொடுக்கலாமே என்று அவளிடம் சொன்னேன். “கேட்டுப் பார்க்கிறேன்க்கா” என்றாள். சூப்பர்வைசரிடமா, வீட்டுக்காரரிடமா என்று நான் கேட்கவில்லை.

பார்க்காதவர்களுக்கு ஒரு குறிப்பு. 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரமணிகள் மாறிவிட்டார்கள்: ராம்ஜியும் தேவதர்ஷினியும். தேவதர்ஷினியின் டைமிங்குக்காகவே அதைப் பார்க்கலாம். 2022இல் ஆஹா தளத்துக்காக நாகாவே மூன்றாவதையும் எடுத்தார். இரண்டாம் பாகத்து ராம்ஜிக்கு முதல் பாகத்து வாசுகி ஜோடி. எனக்கு முதல் பாகம்தான் பிடிக்கும். அங்கிருந்தே தொடங்குங்கள். முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள்.