மூத்தம்மா பேசினால் விளங்காத பிள்ளைகள்



அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சில வீடுகளில் புதுப் பழக்கம் ஒன்று. உம்மாவும் வாப்பாவும் தங்களுக்குள் தமிழில் பேசுகிறார்கள். பிள்ளையிடம் திரும்பியதும் "கம் ஹியர், ஈட் ரைஸ்". மூத்தம்மா பேசினால் பிள்ளைக்குப் பாதி விளங்குவதில்லை. எங்களிடம் வந்து, "மகனுக்குத் தமிழ் அவ்வளவு வராது டீச்சர்" என்று பெருமை வேறு.

பிள்ளையை இன்டர்நேஷனல் ஸ்கூலிலோ சிங்கள மொழிமூலத்திலோ சேர்த்ததில் எங்களுக்குச் சண்டை இல்லை. கண்டியில் வாழச் சிங்களம் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். அவை வெளியே கிடைக்கும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும் இடம் வீடுதான். அதையும் பூட்டிவிட்டால்?

ஆங்கிலம் படியுங்கள் என்று நம் சமூகத்தோடு மல்லுக்கட்டியவர் கண்டியில் பிறந்த சித்திலெப்பை. அவர் 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழ்ப் பத்திரிகை. 1885இல் வந்த 'அசன்பே சரித்திரம்' தமிழ் நாவல். அவரைப் பற்றி மேடையில் பேசுகிறோம். அவர் எழுதியதை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வளர்க்கிறோம்.

குர்ஆனை அழகாக ஓதுகிற பிள்ளை, அதன் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு வரி வாசிக்கத் திணறுகிறது. ஜும்ஆவில் தமிழ்க் குத்பா முடியும்வரை தூணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டியூஷனுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், தமிழே வெறுத்துப்போகும். இரவில் 15 நிமிடம் பக்கத்தில் இருந்து ஒரு கதைப் புத்தகம் வாசியுங்கள். பிள்ளை இங்கிலிஷில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். கட்டாரில் இருக்கும் வாப்பாவும் வட்ஸ்அப்பில் தமிழில் பேசட்டும். புத்தகம் இல்லையென்றால் எங்கள் வகுப்பு அலுமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துச் செல்லுங்கள்.