பேசாத பூனையும் வாய் மூடாத டீவியும்

"எங்க காலத்து கார்ட்டூன் மாதிரி வருமா"ன்னு புலம்புற பதிவு இல்லீங்க இது. (சரி, கொஞ்சம் புலம்பலும் இருக்கும். முப்பது வயசு ஆகறதுக்குள்ளயே பெருசு லிஸ்ட்ல சேர்ந்துட்டேன் போல :-) ) என்னோட குற்றச்சாட்டு ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கு குழந்தைங்க நிகழ்ச்சிகள்ல பெரும்பாலும் யாருமே ஒரு நிமிஷம்கூட வாயை மூட மாட்டேங்கறாங்க.

டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்துக்குவோம். 1940ல எம்ஜிஎம் ஸ்டுடியோவுல வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் ஆரம்பிச்சது. ஏழு ஆஸ்கர் வாங்கின தொடர். பூனையும் எலியும் அநேகமா பேசவே பேசாது. பேச்சுக்குப் பதிலா ஸ்காட் பிராட்லியோட இசை. பூனை பதுங்கினா இசையும் பதுங்கும், தலையில சட்டி விழுந்தா இசையும் விழும். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத எங்க பாட்டியும் நானும் ஒரே இடத்துல, ஒரே நொடியில சிரிச்சிருக்கோம். அதுக்கு டப்பிங்கே தேவைப்படல.

அடுத்தது ரோட் ரன்னர். 1949ல சக் ஜோன்ஸ் இயக்கின முதல் படம் வந்துச்சு. அந்த ஓநாய் மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்துல நிப்பான். கீழே பார்ப்பான். நம்மளைப் பார்ப்பான். அப்புறம்தான் விழுவான். விழுறது காமெடி இல்ல மக்களே, அதுக்கு முன்னாடி வர்ற அந்த ரெண்டு நொடி அமைதிதான் காமெடி. அடுத்து என்ன ஆகும்னு குழந்தை தானே யோசிக்கிற நேரம் அது.

அந்த நேரம்தான் இப்ப காணோம். அக்கா பையனுக்கு அஞ்சு வயசு. அவனோட உட்கார்ந்து பார்த்தா, பாறை உருண்டு வரும்போதே "ஐயோ, பாறை உருண்டு வருது!"ன்னு ஒருத்தன் கத்தறான். "வா, ஓடலாம்!"னு இன்னொருத்தன். அடேய், கண்ணு தெரியுதுடா எங்களுக்கு! எல்லாத்தையும் சொல்லிட்டா பையன் எதைத்தான் யோசிப்பான்?

இந்தப் பேச்சுக்கு காரணம் காசு. 1957ல எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவை மூடினதும் ஹன்னாவும் பார்பராவும் டீவிக்குப் போனாங்க. அங்க பட்ஜெட் ரொம்பக் கம்மி. உடம்பை அப்படியே நிறுத்திட்டு வாயை மட்டும் அசைச்சா படங்கள் நிறைய மிச்சம். யோகி கரடி கழுத்துல டை கட்டியிருக்கே, சும்மா ஸ்டைலுக்கு இல்ல. தலையை மட்டும் தனியா வரைஞ்சு அசைக்கும்போது ஒட்டு தெரியாம மறைக்கத்தான். ஓடுற பூனையை வரையறதை விட பேசுற கரடியை வரையறது சல்லிசு. ஆக இந்த வியாதியைப் பரப்பினதுல நம்ம ஹீரோக்களுக்கும் பங்கு உண்டு.

பழசெல்லாம் தங்கம்னும் சொல்ல வரல. பழைய டாம் அண்ட் ஜெர்ரியில கறுப்பினப் பணிப்பெண்ணைக் காட்டின விதத்தை இன்னிக்கு எந்தக் குழந்தைக்கும் அப்படியே போட்டுக் காட்ட முடியாது. பேச்சே கூடாதுன்னும் சொல்லல. 2007ல ஆரம்பிச்ச சுட்டி டீவியில ஜாக்கி சான் தொடரைத் தமிழ்ல பார்த்து வளர்ந்த கோஷ்டிதான் நானும். அந்த மாமா பேசின தமிழை யாராவது குறை சொன்னா சண்டைக்கு வருவேன். அது ரசிச்சு எழுதின பேச்சு. நான் திட்டறது இடத்தை நிரப்பற பேச்சை.

"எல்லாம்தான் நெட்ல கிடக்கே, தேடிப் போட்டுக்காட்டு"ன்னு சொல்லுவீங்க. கிடக்கும்னு நம்பாதீங்க. 2025 மார்ச்சுல, 1930லேருந்து 1969 வரைக்கும் வந்த லூனி டியூன்ஸ் குறும்படங்களை மேக்ஸ் தளத்துலேருந்து தூக்கிட்டாங்க. தூக்கினது வேற யாரும் இல்ல, அந்தப் படங்களோட சொந்தக்கார கம்பெனிதான்! அதே வருஷம் அமெரிக்காவுல இன்னொரு தளத்துக்குப் போச்சு, அது வேற கதை. ஆனா இருக்கறது எப்ப காணாமப் போகும்னு நம்ம கையில இல்ல. தவிர, அஞ்சு வயசுப் பையன் தேடிப் பார்க்க மாட்டான். அடுத்து தானா ஓடறதைத்தான் பார்ப்பான்.

புதுசா இப்படி எடுக்க முடியாதா? முடியும். 2007ல ஆர்ட்மன் ஆரம்பிச்ச ஷான் தி ஷீப் வசனமே இல்லாத தொடர். உலகம் பூரா ஓடுச்சு. சேனல்காரங்களுக்கு ஒரு பொட்டி தட்டறவனோட கணக்கு இது: வசனம் இல்லாத கார்ட்டூனுக்கு தமிழ் டப்பிங் செலவு பூஜ்யம். சாயந்திரம் அரை மணி நேரம் அதுக்கு ஒதுக்குங்க. பையனும் பாட்டியும் சேர்ந்து உட்கார ஒரு காரணம் கிடைக்கும். பேச்சு வேணும்னா அவங்களே பேசிக்குவாங்க.

டிஸ்கி: வசனமே இல்லாம உங்களை உருண்டு சிரிக்க வெச்ச காட்சி எதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அக்கா பையனுக்கு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கேன்.