ஆவரேஜ் போட்டா லாபம், எண்ணிப் பார்த்தா நட்டம்

பி.காம் பசங்களுக்கு நாம சொல்லித் தர்ற புள்ளியியல்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு மக்களே. கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, திட்ட விலக்கம்னு ஃபார்முலா வரிசையா வரும். ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க் கணக்கு ஒண்ணு. ஆனா எந்தச் சராசரியை எங்கே போடணும், மாத்திப் போட்டா யார் பாக்கெட்டுல இருந்து காசு போகும்? இதை யாரும் சொல்றதில்ல. சொல்லணும்ங்கறதுதான் இந்தப் பதிவோட மொத்தக் கட்சி.

நம்ம ஊர் செஞ்சி. சாயங்காலம் ஏழெட்டுப் பசங்க வீட்டுக்கு அக்கவுண்ட்ஸ் படிக்க வருவாங்க. நான் வாத்தியார் எல்லாம் இல்லை, சும்மா தெரிஞ்சதைச் சொல்றது. திட்ட விலக்கம் கேட்டா மூணு நிமிஷத்துல போட்டுக் காட்டுறாங்க. "சரிடா, இந்த விடை 24.5ன்னு வந்திருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டா மட்டும் கூரையைப் பாக்குறாங்க. பசங்க மேல தப்பில்ல.

முதல்ல ஒரு நிஜக் கணக்கு. மும்பை சென்செக்ஸ் 2007 டிசம்பர் கடைசியில 20,287. உலகமே ஆடிப்போன 2008 முடிவுல 9,647. அதாவது 52 சதவீதம் காலி. 2009 முடிவுல 17,465, அதாவது 81 சதவீதம் ஏத்தம். இப்போ ரெண்டு வருஷத்துக்கும் கூட்டுச் சராசரி போடுங்க. மைனஸ் 52, பிளஸ் 81, கூட்டி ரெண்டால வகுத்தா வருஷத்துக்கு 14 சதவீதத்துக்கு மேல லாபம்! பேஷ். ஆனா 20,287ல ஆரம்பிச்சு 17,465ல நிக்கிறோமே சாமி? ஒரு லட்சம் போட்டவன் கையில 86 ஆயிரம்தான் இருக்கு. பெருக்குச் சராசரி போட்டா வருஷத்துக்கு மைனஸ் 7 சதவீதம்னு உள்ளதை உள்ளபடி சொல்லும். அதே ரெண்டு வருஷம், அதே எண்கள். ஒரு சராசரி 14 லாபம்ங்குது, இன்னொண்ணு 7 நட்டம்ங்குது. பரீட்சையில ரெண்டுக்குமே முழு மார்க்கு. (அங்கதான் வில்லங்கம்.)

காரணம் ரொம்ப சிம்பிள். பணம் கூடிக்கூடி வளர்றதில்ல, பெருகிப்பெருகி வளருது. பாதி போச்சுன்னா பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் ஏறினா பத்தாது, 100 சதவீதம் ஏறணும். இந்த ஒரு வரியைப் புரியவச்சுட்டா அப்புறம் ஃபார்முலா தானா மனசுல நிக்கும்.

அடுத்தது நம்ம ஊர் மேட்டர், மனை. திருவண்ணாமலை ரோட்டுலயும் திண்டிவனம் ரோட்டுலயும் கொடி கட்டி, கல்லு நட்டு விக்கிறாங்களே, அதேதான். "2005ல ரெண்டு லட்சத்துக்கு வாங்கினது, 2025ல பத்து லட்சம். 400 பர்சன்ட் லாபம். 20 வருஷத்தால வகுத்துக்கோங்க, வருஷத்துக்கு 20 பர்சன்ட்!"னு ஒருத்தர் சொல்றார்னு வச்சுக்குவோம். கேக்கறவங்களும் தலையாட்டுவாங்க. நிஜமா வருஷத்துக்கு 20 சதவீதம் வளர்ந்திருந்தா அந்த ரெண்டு லட்சம் 76 லட்சம் ஆகியிருக்கணும். பத்து லட்சம்னா கூட்டு வளர்ச்சி 8.4 சதவீதம்தான். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறிச்சுன்னு வச்சுக்கிட்டா, நிகரமா நிக்கிறது ரெண்டேகால். பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாம் இன்னும் கழிக்கலை. மனை வாங்காதீங்கன்னு சொல்ல வரலை. வீடு கட்டிக் குடியிருக்க வாங்கினா அது வேற கணக்கு. 20ன்னு சொல்லி 8.4ஐ விக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இப்போ திட்ட விலக்கம். ஒரு முதலீடு மூணு வருஷமும் 10, 10, 10 குடுக்குது. இன்னொண்ணு 40, மைனஸ் 20, 10. ரெண்டுக்கும் சராசரி 10தான். முதலாவதுல நூறு ரூபா 133 ஆகும். ரெண்டாவதுல 123தான். பத்து ரூபா எங்க போச்சு? ஆட்டம் தின்னுடுச்சு. அந்த ஆட்டத்தோட அளவுதான் 24.5ங்கற திட்ட விலக்கம். அதைப் பின்னமா எழுதி, வர்க்கப்படுத்தி, பாதியாக்கினா 3 சதவீதம். கூட்டுச் சராசரி 10ல இருந்து 3ஐ கழிச்சா 7. நிஜமான பெருக்குச் சராசரி 7.2. கிட்டத்தட்ட அதேதான்! மார்க்கோவிட்ஸ் 1952ல எழுதின கட்டுரையில இருந்து இந்த ஏத்த இறக்கத்தைத்தான் நிதித்துறை ரிஸ்க்குன்னு அளக்குது. பசங்ககிட்ட இது வெறும் எண் இல்லடா, இது உன் பணத்துல வாய் வைக்கிற எலின்னு சொல்லிப் பாருங்க. கூரையைப் பாக்க மாட்டாங்க.

எங்க கோட்டையில ராஜகிரி அடிவாரத்துல நெற்களஞ்சியங்கள் இருக்கு. 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த பிறகு வெளியூர்க் கூட்டம் ஜாஸ்தி, நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 1690ல ஜுல்பிகார் கான் முற்றுகை போட்டு, 1698லதான் கோட்டை விழுந்தது. எட்டு வருஷம். கோட்டை கட்டறவன் சராசரி வருஷத்தை நினைச்சுக் களஞ்சியம் கட்ட மாட்டான், மோசமான வருஷத்தை நினைச்சுத்தான் கட்டுவான். குடும்பத்துக் காசும் அப்படித்தான். பொண்ணு கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, சராசரி வருஷம் பார்த்து வராது.

சரி, இதெல்லாம் காசு இருக்கறவன் கவலைன்னு நினைக்கறவங்களுக்கு அடுத்தது. என்கிட்ட வர்ற ஒரு பையனோட அம்மா பூ விக்கிறாங்க. முதலுக்குத் தண்டல் வாங்குவாங்க. பத்தாயிரம்னு பேரு, ஆயிரம் புடிச்சுக்கிட்டு ஒன்பதாயிரம் கையில தருவாங்க. தினம் நூறு ரூபா, நூறு நாள்.

"வட்டி எவ்ளோடா?"

"10 பர்சன்ட் சார்."

"ஒரு வருஷத்துக்கா?"

"இல்ல சார், நூறு நாளைக்கு. அப்போ வருஷத்துக்கு முப்பத்தாறரை."

கால்குலேட்டர் இல்லாம சொன்னான், கெட்டிக்காரப் பையன். ஆனா விடை தப்பு. ஒன்பதாயிரமும் நூறு நாள் முழுக்க அவங்க கையில இருக்கறதில்ல. மறுநாள்ல இருந்தே திருப்பிக் கட்டறாங்க. அம்பதாவது நாள்ல பாதிக் கடன் போயாச்சு. சராசரியா கையில நிக்கிறது 4,500 ரூபா. அதுக்கு நூறு நாளைக்கு ஆயிரம்னா 22 சதவீதம். வருஷத்துக்கு 80ஐத் தொடுது. கம்ப்யூட்டர்ல ஐஆர்ஆர் போட்டோம். தினசரி 0.21 சதவீதம் சொச்சம், வருஷத்துக்குச் சாதா வட்டியா சுமார் 78, கூட்டு வட்டியா 117. பையன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சார், இதை எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"ன்னான்.

தமிழ்நாட்டுல 2003ல வந்த அதீத வட்டி தடைச் சட்டத்துல கந்து வட்டி, மீட்டர் வட்டியோட தண்டலும் பேர் சொல்லியே இருக்கு. சட்டம் இருக்கு, தண்டலும் இருக்கு. அந்தம்மாகிட்ட நானே பேசினேன். "அது தெரியாமலா சார்? பேங்குக்கு நாலு நாள் அலைஞ்சா அந்த நாலு நாளு பூ யாரு விக்கிறது?"ன்னாங்க. நியாயம்தானே? அவங்க போட்டது முழுக் கணக்கு. வட்டி மட்டும் செலவில்ல, அலைச்சலும் செலவுன்னு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாததை அவங்க சொல்லிட்டாங்க.

அதையும் சேர்த்தே பையன் நோட்டுல போட்டான். வருஷம் பூரா மாத்தி மாத்தித் தண்டல் வாங்கினா கழியறது 3,650 ரூபா. அதே அளவு பணம், சராசரியா அஞ்சாயிரம்னே வச்சுக்குவோம், 12 சதவீதத்துல கிடைச்சா வருஷத்துக்கு 600. மிச்சம் மூவாயிரம். நாலு நாள் வருமானம் மூவாயிரத்துக்குக் கீழன்னா அலையலாம். அதுவும் ஒரு தடவை அலைஞ்சா அடுத்தடுத்த வருஷத்துக்கும் ஆகும். தெருவோர வியாபாரிகளுக்கு 2020ல வந்த பிஎம் ஸ்வநிதியில முதல் கடன் பத்தாயிரமா இருந்தது, 2025ல 15 ஆயிரம் ஆக்கினாங்க. மகளிர் சுய உதவிக் குழுவும் இருக்கு. நோட்டை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "குழுவுல கேட்டுப் பாக்கறேன்"னாங்க. அவ்ளோதான். புரட்சி எல்லாம் ஒண்ணும் நடக்கலை.

கடைசியா ஆருத்ரா. மறந்திருக்க மாட்டீங்க. மாசம் 25, 30 சதவீதம் தர்றோம்னு சொன்னாங்க. 2022ல பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு போட்டுச்சு. போலீஸ் கணக்குல சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபா. இதைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேணாம், கூட்டு வட்டி தெரிஞ்ச காலேஜ் பையன் ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தனா இருந்தாப் போதும். மாசம் 25 சதவீதம் நிஜமா வளர்ந்தா ஒரு லட்சம் ஒரு வருஷத்துல பதினாலரை லட்சம். ரெண்டு வருஷத்துல 2 கோடிக்கு மேல. மூணு வருஷத்துல 30 கோடி. நாலாவது வருஷ முடிவுல 448 கோடி. இப்படிச் சம்பாதிக்கத் தெரிஞ்சவன் உங்க ஒரு லட்சத்துக்கு ஏன் கை நீட்டறான்? அந்தக் கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் மஞ்சப்பையைத் திறக்காதீங்க.

"எங்க மச்சானுக்கு வந்துச்சே, கண்ணால பார்த்தேனே"ன்னு சொல்வாங்க. இதுக்கும் புள்ளியியல்ல இடம் இருக்கு. ஜெயிச்சவன் சத்தமாப் பேசுவான், தோத்தவன் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டான். செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. பங்குச்சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல மூணு நிதியாண்டா விளையாடின ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நட்டம், ஆளுக்குச் சராசரியா ரெண்டு லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. ஆனா டீக்கடையில உங்க காதுல விழறது மிச்சம் 7 பேரோட குரல்தான். மாதிரி எடுக்கும்போது யாரை விட்டுட்டோம்னு பாருன்னு பாடத்துல வருதே, அதோட அர்த்தம் இதுதான்.

"பேராசைக்குக் கணக்கு மருந்தாகாது"ன்னு பின்னூட்டத்துல சிலர் வருவீங்க, தெரியும். இன்ஜினியரும் ஆடிட்டரும்கூட ஏமாந்திருக்காங்கதான். ஆனா எல்லாரும் பேராசையில விழறதில்ல. நெல்லு போட்ட காசை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, கேக்க ஆளில்லாம விழறவங்கதான் எங்க ஊர்ப் பக்கம் அதிகம். அவங்க வீட்டுலயே இன்னிக்கு ஒரு பி.காம் பையனோ பொண்ணோ இருக்கு. முதல் தலைமுறை பட்டதாரி. அந்தப் பிள்ளைக்கு ஃபார்முலா தெரியும், அப்பா கையில இருக்கற நோட்டீஸுல அதை எங்க போடணும்னுதான் தெரியலை. அந்த ஒரு அடியைத் தாண்ட வைக்கிறது காலேஜோட வேலை. சிலபஸ்ல இல்லைன்னு ஒதுங்கினா எப்படி? பெருக்குச் சராசரி சிலபஸ்ல இருக்கு. தண்டலை உதாரணமாப் போட யார் அனுமதியும் வேணாம்.

வாத்தியார் பதிவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. அடுத்த வாரம் கிளாஸ்ல ஏ கம்பெனி, பி கம்பெனிக்குப் பதிலா உங்க ஊர் ஏலச்சீட்டையோ, நகைச்சீட்டையோ, மனை நோட்டீஸையோ போர்டுல எழுதிப் பாருங்க. பசங்க என்ன கேட்டாங்கன்னு ஒரு பதிவும் போடுங்க. படிக்கக் காத்திருக்கேன்.

டிஸ்கி: எங்க பணம் போடலாம்னு தனிமடல்ல கேக்காதீங்க. அது தெரிஞ்சா நான் ஏன் ராத்திரி ஒம்போது மணிக்கு டைப் அடிச்சுக்கிட்டு இருக்கேன்? :-)