ஓய்வும் கட்டளையே

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று நம் பங்கில் மன அழுத்தத்தை வெல்வது பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. திருப்பலி முடிந்த கையோடு, காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். நகரத்திலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகவே பேசினார். நேரத்தைத் திட்டமிடுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், எதிலும் நல்லதையே காணுங்கள் என்றார். சுவரை ஒட்டி அமர்ந்திருந்த இளம்பெண் ஒருத்தி தலை சாய்த்து உறங்கிப்போனாள். பேச்சாளர் அவளைச் சுட்டிக்காட்டி, இதோ ஒருவர் இப்போதே அழுத்தத்தை வென்றுவிட்டார் என்றார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். திடுக்கிட்டு விழித்த அவள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். பின்னர் விசாரித்தபோதுதான் தெரிந்தது. முந்தின இரவு ஆலைக்குள் நுழைந்தவள் விடியலில் வெளியே வந்து, பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்கு வந்திருக்கிறாள். அறைக்குப் போனால் உறங்கிவிடுவோம், திருப்பலி தவறிவிடும் என்ற அச்சத்தில் பசியோடு வந்திருக்கிறாள். அன்று சிரித்ததற்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறோம்.

மன அழுத்தம் என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. புழங்கட்டும். ஆனால் அதைப் பேசுகிற முறையில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. சுமையைச் சுமக்கிறவளிடம் போய், உன் தோளை வலுவாக்கிக்கொள் என்கிறோம். சுமையை ஏற்றியவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. உறக்கமின்மையால் வாடுகிறவளை மனத்திட்பம் இல்லாதவள் என்கிறோம். நம்மவர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, செபம் குறைந்ததால் வந்த கேடு இது என்கிறோம். செபத்தின் ஆற்றலை மறுக்க நாம் துணியோம். ஆனால், உறங்க வேண்டியவளுக்கு முழு இரவுச் செபக் கூட்டத்தை மருந்தாகக் கொடுப்பது பசித்தவனுக்கு நோன்பை விருந்தாக வைப்பது போன்றது.

கெலமங்கலத்தை அறிந்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் கலந்து ஒலிக்கும் ஊர் இது. கேழ்வரகும் தக்காளியும் விளைந்த நிலங்களைச் சுற்றி இன்று ஆலைகள் நிற்கின்றன. எழுபதுகளில் ஓசூரில் தொடங்கிய தொழில் வளர்ச்சி மெல்ல மெல்ல இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது. விடியுமுன் சாலையில் நின்றால், ஆலைப் பேருந்துகள் வரிசையாய்ச் செல்வதைக் காணலாம். சன்னலில் தலை சாய்த்து உறங்கும் முகங்களே எல்லாப் பேருந்துகளிலும். அவர்களிற் பலர் தென்மாவட்டங்களிலிருந்தும், திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்த பெண்கள். 2022ஆம் ஆண்டு ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் சிறப்புத் தொடர்வண்டியில் ஓசூருக்கு வந்து இறங்கியதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். சோட்டாநாக்பூர்ப் பழங்குடி மக்களிடையே கத்தோலிக்கர் மிகுதி. எனவே அங்கிருந்து வருகிறவர்களிற் பலர் நம் ஞானக்குடும்பத்தினர். நம் மொழி அறியாத நம் சகோதரிகள்.

இவர்களுடைய களைப்பைப் பற்றி விவிலியம் என்ன சொல்கிறது? எகிப்தில் இஸ்ரயேலர் வழிபாட்டுக்காக மூன்று நாள் விடுப்புக் கேட்டபோது பார்வோன் தந்த மறுமொழியை விடுதலைப் பயணநூலில் படியுங்கள். இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் விடுப்புக் கேட்கிறார்கள் என்று சொல்லி, வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் விட்டான். இன்றைய உற்பத்தி இலக்குகளின் மூதாதை அந்தச் செங்கல் கணக்கே. இணைச்சட்டநூல் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லும் காரணமும் அங்கிருந்தே வருகிறது. நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொள்; ஆகவே உன் பணியாளனும் பணிப்பெண்ணும் உன்னைப் போலவே ஓய்வு பெறட்டும் என்பதே அதன் பொருள். கட்டளை ஓய்வெடுப்பவனுக்கு மட்டும் இடப்பட்டதன்று. ஓய்வு கொடுக்க வேண்டியவனுக்கும் இடப்பட்டது. இந்த இரண்டாம் பாதியை நம் மறைக்கல்வி வகுப்புகளில் நாம் அழுத்திச் சொன்னதில்லை. திருச்சபைச் சட்டமும் அதன் 1247ஆம் எண்ணில், ஞாயிறன்று உள்ளமும் உடலும் உரிய ஓய்வு பெறுவதைத் தடுக்கும் அலுவல்களை விலக்கச் சொல்கிறது. பங்குக் கருத்தரங்குகளும் அந்த அலுவல்களில் அடங்குமோ என்னும் ஐயம் நமக்கு இப்போது எழுந்திருக்கிறது.

எலியாவின் வரலாறு இன்னும் தெளிவானது. ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்துச் சூரைச்செடியடியில் விழுந்து, சாவு வந்தால் போதும் என்று வேண்டினார் அந்த மாபெரும் இறைவாக்கினர். ஆண்டவர் அவருக்கு அறிவுரை அனுப்பவில்லை. உறங்கவிட்டார். வானதூதர் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். உண்டு மீண்டும் உறங்கினார். மறுபடியும் உணவு கிடைத்தது. ஓரேபு மலையில் மெல்லிய ஒலியாய் இறைவன் பேசியது அதற்குப் பிறகுதான். நம் பேச்சாளரோ அப்பமும் கொடாமல், உறக்கமும் கொடாமல், நேரே மலையுச்சியிலிருந்து தொடங்கினார். அழைத்தவர் நாம் என்பதால் பழி நம்முடையதே.

குருமடத்தில் நாம் படித்த தூய தாமஸ் அக்குவினாவின் இறையியல் தொகுப்பில், துயரத்துக்கு மருந்து எது என்று ஒரு தனி வினாவே உண்டு. ஐந்து மருந்துகளைச் சொல்கிறார் அவர்: மகிழ்ச்சி தரும் ஏதேனும் ஒன்று, கண்ணீர், நண்பர்களின் பரிவு, உண்மையைத் தியானித்தல், இறுதியாக உறக்கமும் குளியலும். மாணவப் பருவத்தில் இதைப் படித்துவிட்டு, இறையியல் நூலில் குளியலறைக்கு என்ன வேலை என்று நகைத்தோம். இந்த இடத்தில் அவர் தூய அகுஸ்தினாரைச் சான்றுக்கு அழைக்கிறார். 387ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் தாய் மோனிக்காவை அடக்கம் செய்த நாளில் அகுஸ்தினார் குளித்துப் பார்த்தார், துயர் தணியவில்லை. உறங்கி எழுந்தபின்தான் நெஞ்சின் பாரம் ஓரளவு குறைந்தது. ஐந்து மருந்துகளில் ஒன்றுகூட விலைக்கு வாங்க வேண்டியதன்று என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஐந்துக்கும் நேரம் வேண்டும். ஏழையிடமிருந்து நாம் பறித்துக்கொண்டது அதைத்தான்.

மருத்துவ அறிவும் இதற்கு மாறாகப் பேசவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடியும் உறுதி செய்தது. தனிமனிதர் செய்யக்கூடியவையும் உண்டு. அவற்றை நாம் இகழவில்லை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் அறையை இருட்டாக்கிக்கொண்டு உறங்குவது, உறங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே தேநீரை நிறுத்துவது, வேலைக்குக் கிளம்புமுன் இருபது நிமிடம் கண்ணயர்வது, கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்காதிருப்பது, மாலையில் ஏரிக்கரை வரை நடந்து வருவது ஆகியவை எல்லாம் பயன் தருபவை, செலவில்லாதவை. ஷிப்டு மாறும்போது காலையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்கும் என்று முன்னோக்கி மாறினால் உடல் ஓரளவு ஒத்துப்போகும். பின்னோக்கி மாறினால் தவிக்கும் என்பார்கள். ஆனால் இந்தக் கடைசியைத் தீர்மானிப்பது தொழிலாளி அல்லவே. ஆறு பேர் அடைந்து கிடக்கும் அறையில், ஒருத்தி எழுந்த பாயின் சூடு ஆறுமுன் மற்றொருத்தி படுக்கும்போது, இருட்டாக்குவது எங்ஙனம்?

எங்கள் தந்தையர் விடியலிலிருந்து அந்திவரை வயலில் பாடுபட்டார்களே, அவர்களுக்கு எந்த அழுத்தம் வந்தது என்று கேட்கும் பெரியவர்கள் நம் பங்கில் உண்டு. நாமும் அத்தகைய தந்தையின் மகனே. நம் தந்தை ஏரைப் பிடித்தார் என்றால் மாட்டுக்கு இளைப்பு வந்தபோது அவரும் நின்றார். உச்சிப்பொழுதில் புங்க மரத்தடியில் களியுருண்டை தின்று, துண்டை விரித்துப் படுத்தார். இருட்டியபின் அவரை வேலைக்கு அழைக்க எவராலும் இயலவில்லை. அறுவடைக்குப் பின் தெருக்கூத்து உண்டு. விடிய விடிய விழித்தாலும் மறுநாள் பகலெல்லாம் உறங்கலாம். வறுமை அவரை வாட்டியது மெய், கடனும் வாட்டியது. ஆனால் இயந்திரம் அவருடைய மூச்சை எண்ணவில்லை. அவருடைய உழைப்பையும் இந்தப் பெண்களின் உழைப்பையும் ஒரே தராசில் வைப்போர் நம் தந்தையையும் அறியார், இந்தப் பெண்களையும் அறியார்.

அவர்கள் விரும்பித்தானே 'ஓ.டி.' பார்க்கிறார்கள் என்பது அடுத்த வாதம். வாரந்தோறும் கடன் தவணை வாங்க ஆள் வாசலில் வந்து நிற்கிற வீட்டின் மகளுக்கு விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

நாம் இன்று உரிமையோடு துய்க்கும் ஞாயிறு விடுமுறையும் தானாக வந்ததன்று. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 1890இல் அதைப் பெற்றுத் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே, ஜோதிராவ் புலேயின் வழி வந்தவர், கிறிஸ்தவர் அல்லர். அதற்கு மறு ஆண்டு, 1891 மே மாதம், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' மடலை வெளியிட்டுத் தொழிலாளியின் ஓய்வை நீதியின் கடமையாக அறிவித்தார். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1921இல் ஏற்றது. இத்தனைக்கும் பிறகு 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்தப் பத்து நாள்களுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பாஸ்கா காலத்து மறையுரை ஆற்றினோம். நம் மறையுரையில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓசூருக்கு இவ்வளவு அருகிலிருந்தும் இல்லை.

விலைக்குக் கிடைக்கும் இளைப்பாறல்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி மலைப்பக்கம் வார இறுதியில் பெங்களூரு வண்டிகள் ஏறுகின்றன. அவர்களுக்குக் குளிர்ந்த காற்றும் விடுதியும் உண்டு. நம் ஆலைத் தொழிலாளிக்கோ, சம்பள நாளன்று நெடுநேரம் திறந்திருக்கும் இளைப்பாறல் மதுக்கடை ஒன்றே. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டதிலிருந்து, களைத்த ஆணுக்கு அரசு தரும் ஆறுதல் அது. பெண்ணுக்குக் கைப்பேசித் திரை. இரண்டும் உறக்கத்தைத் தருவது போலக் காட்டி உறக்கத்தையே தின்பவை. ஜார்க்கண்டுப் பெண்கள் தங்கள் ஊர்களில் அக்ரா என்றோர் ஆடுகளம் உண்டு என்கிறார்கள். அந்தியில் ஊரார் கூடிக் கைகோத்துப் பாடி ஆடும் இடமாம் அது. நம் பாட்டிமார்களின் கும்மியும் அதுவே. நம் கோயில் வளாகத்தில் இரண்டு வேப்ப மரங்களும் காலியான முற்றமும் இருக்கின்றன. திருவிழா நாள்கள் தவிர மாலை ஆறு மணிக்கு வாயிலைப் பூட்டிவிடுகிறோம். களவு போகுமாம்!

இறுதியாக, நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரண்டு செய்திகள். முதலாவது ஒலிபெருக்கி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. நாம் ஐந்தரைக்கே செபமாலையைத் தொடங்கிவிடுகிறோம். ஆறு மணிக்குப் பின்னும் நிறுத்துவதில்லை. அந்நேரம்தான் இரவு ஷிப்டு முடித்தவள் கண்ணை மூடுகிறாள். இரண்டாவது வாடகை. இந்தப் பெண்களுக்கு அறை விட்டிருப்போரில் நம் பங்கு மக்களும் உளர். ஞாயிறுதோறும் நன்மை வாங்குகிறவர்கள். சிமெண்டுத் தகட்டுக் கூரையடியில், ஆளுக்கு இவ்வளவு என்று தலையெண்ணி வாங்குகிறார்கள்; பகலில் மின்விசிறி ஓடினால் தனிக்கட்டணம். பகலில் உறங்க வேண்டியவள் மின்விசிறி இல்லாமல் எப்படி உறங்குவாள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பங்குப் பேரவையில் இவற்றை வைத்தோம். சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு எல்லாரும் இசைந்தார்கள். ஞாயிறு கடனை அதில் நிறைவேற்றச் சட்டம் இடம் தருகிறது. முற்றத்தை இரவு எட்டரை வரை திறந்து வைப்பதற்கும், பங்கு மண்டபத்தைப் பகலில் இரவு ஷிப்டுப் பெண்கள் படுத்துறங்க விடுவதற்கும் சிறு முணுமுணுப்போடு ஒப்புதல் கிடைத்தது. முதல் வாரம் நால்வர் வந்தார்கள். கருத்தரங்கில் உறங்கிய பெண்ணும் அவர்களில் ஒருத்தி. கோயிற்பிள்ளை மணியடிக்கப் போனபோது அவரைத் தடுத்துவிட்டோம். காலை ஒலிபெருக்கியை நிறுத்துவதற்கு மட்டும் இரண்டு கூட்டங்கள் ஆயின. வாடகை பற்றிய பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.