நுழைந்த பொருள் வெளியேற வேண்டாமா?

"மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்னதும், படம் தெளிவாக விழுமா என்றுதான் நாம் கேட்கிறோம். படம் எடுத்தபின் அம்மருந்து எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. முதலில் கேட்க வேண்டிய வினா அதுவே என்பது என் கருத்து.

தோரோட்ராஸ்ட் என்ற மருந்தின் கதை இதற்குச் சான்று. 1930-களில் தொடங்கி 1950-கள் வரை பல நாடுகளில் அதை இரத்தக் குழாயில் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். தோரியம் டை ஆக்சைடின் நுண்துகள்கள் அவை. இன்றைய வழக்கில் சொன்னால் நானோ துகள்களே. படம் அருமையாக விழுந்தது. நோயாளிக்கு உடனடித் தொல்லையும் இல்லை. ஆனால் ஈரலும் மண்ணீரலும் அத்துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டன, விடவே இல்லை. தோரியமோ கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்! இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. எந்த நோய்க்காகப் படம் எடுத்தார்களோ அது எப்போதோ குணமாகியிருக்கும். படத்துக்காக ஏற்றியது உயிரைக் குடித்தது.

பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்துக்கான கடோலினியம் மருந்துகளுள் சில, சிறுநீரகம் பழுதுபட்டோரின் தோலை மரக்கட்டைபோல் இறுகச் செய்யும் நோயோடு தொடர்புடையவை என்பது 2006-இல் தெரிய வந்தது. மூளையிலும் கடோலினியம் தங்குவது கண்டு, 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை அவ்வகையில் சிலவற்றை நிறுத்தி வைக்கச் சொன்னது.

இந்நிலையில்தான் சிதையும் பாலிமரால் ஆன நானோ துகள்களைப் பற்றி ஆய்வுக்கூடங்களில் பேச்சு. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் இணைந்த பாலிமர், உடலின் நீராலேயே அறுபட்டு மீண்டும் அவ்வமிலங்களாகி, முடிவில் கரியமில வாயுவும் நீருமாகிறது. பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலாக இவ்வினப் பொருள் 1970-களிலிருந்தே பழக்கத்தில் உள்ளது. நல்ல பொருள்தான், மறுப்பில்லை.

ஆயினும் "சிதையும்" என்ற சொல்லில் மயங்கலாகாது. இத்துகள்கள் பலவற்றில் பாலிமர் வெறும் பை. படத்தில் தெரிவது பைக்குள் வைத்த உலோகம். பை கரைந்தபின் சரக்கு என்னாகும்? இரும்பு ஆக்சைடானால் உடல் அந்த இரும்பை இரத்தத்துக்கே எடுத்துக்கொள்ளும். பொன் துகளை என்ன செய்யும்? சுமார் 6 நானோமீட்டருக்கு உட்பட்டதானால் சிறுநீரகம் வடித்துவிடும். பெரிதானால் மறுபடியும் ஈரல்தான். ஆகவே பெரிய பைக்குள் சிறு பொன்மணிகளை அடைத்து, பை சிதைய மணிகள் வெளியேறும் ஏற்பாட்டையே நான் ஆதரிப்பேன். அப்படிச் செய்து பார்த்தோரும் உண்டு.

படம் எவ்வளவு துலக்கமாக விழுந்தது என்று அச்சிடும் ஆய்வாளர், ஆறு திங்களுக்குப்பின் ஈரலில் எஞ்சியது எவ்வளவு என்பதையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஆறு திங்கள் எலிகளைப் பேணுவது செலவுதான், செய்யட்டும்.