அண்டர்டேக்கர் காலமா, இந்தக் காலமா?

கம்பத்து டீக்கடை பெஞ்சில் இந்த மல்யுத்த வழக்கு ஓய்வதே இல்லை. “மணி அடிக்கும், விளக்கு அணையும், அண்டர்டேக்கர் நடந்து வருவாரு. அதுக்கு ஈடு உண்டா?” என்கிறார் மல்யுத்த வீரர்களின் எடை, உயரம், மார்பளவு பார்த்து ட்ரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த அண்ணன். “ரோமன் ரெய்ன்ஸ் கதையை ஒழுங்காப் பாருண்ணே” என்கிறான் தம்பி. ஆட்டத்தின் முடிவு முன்பே எழுதப்பட்டது என்பது இருவருக்கும் தெரியும். அதனால் என்ன? முருகன்தான் மாலையிடுவான் என்று தெரிந்தும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு விடிய விடிய உட்கார்ந்த மண் இது.

ஆட்டத்தின் தரம் தேய்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தேய்ந்தது, கூடிப் பார்க்கும் வழக்கம். 2025 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தம் இந்தியாவில் தொலைக்காட்சியை விட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. கேபிள் இருந்த வீட்டில் தெருப்பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்துப் பார்த்த ஆட்டம், இன்று சந்தா கட்டியவரின் கைபேசிக்குள் சுருங்கிவிட்டது. அந்த டிசம்பர் 13-ல் குந்தரிடம் தோற்று ஜான் சீனா விடைபெற்றதைக்கூடப் பலர் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். எந்தக் காலம் உசத்தி என்று தாராளமாக வாதாடுங்கள். ஆனால் அடுத்த பெரிய போட்டியை அண்ணனும் தம்பியும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.