சீரியல் நம்பரும் ஓடிய மணிநேரமும்

பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மூடியில் கீறல் தேடுவார்கள், கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள், ஐந்நூறு குறைக்கச் சொல்வார்கள். நான் ஒரு பென்டிரைவோடு போவேன். அதில் லினக்ஸும் ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்டும் இருக்கும். லேப்டாப்பை அதிலிருந்தே பூட் செய்துவிட்டால் விற்பவருடைய விண்டோஸைத் தொடவே வேண்டாம்.

ஸ்கிரிப்ட் பெரிய வித்தை எதுவும் காட்டாது. லினக்ஸில் வன்பொருள் விவரங்கள் பலவும் வெறும் கோப்புகளாகவே கிடக்கின்றன. பேட்டரிக்கென்று ஒரு அடைவு. தயாரித்தபோது எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு கோப்பில், இன்று முழுக்க சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது என்பது இன்னொன்றில். இரண்டையும் படித்து வகுத்தால் விஷயம் வந்துவிடும். வீராம்பட்டினத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி சேருமுன் லேப்டாப் பார்க்க என்னையும் கூப்பிட்டான். "பேட்டரி புதுசு மாதிரிங்க" என்றார் கடைக்காரர். திரையில் 41 என்று வந்தது. "நூத்துக்கா அண்ணே?" என்றான் பையன், மெதுவாக. நூற்றுக்குத்தான்.

விண்டோஸிலும் இதைக் கேட்க வழி உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே டபிள்யூஎம்ஐ என்ற ஏற்பாடு உள்ளே இருக்கிறது. மதர்போர்டு, ராம், டிஸ்க் என்று எதைப் பற்றியும் அதனிடம் கேட்கலாம். முதலில் விபி ஸ்கிரிப்டில் கேட்டார்கள், பிறகு டபிள்யூஎம்ஐசி என்ற ஒற்றை வரிக் கட்டளை பலருக்கும் மனப்பாடம் ஆனது. இப்போது மைக்ரோசாப்ட் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு பவர்ஷெல்லைக் கையில் கொடுத்திருக்கிறது. அலுவலகத்தில் நூறு கணினிக்குப் பட்டியல் எடுக்கிறவருக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் வருகிற பதில் எல்லாம் ஒரே தரம் இல்லை. மாடல் பெயர், சீரியல் நம்பர் போன்றவை தொழிற்சாலையில் யாரோ எழுதி வைத்தவை. உதிரியாக வாங்கிக் கோத்த கணினியில் சீரியல் நம்பர் கேட்டால் பல சமயம் 'டு பி ஃபில்ட் பை ஓஇஎம்' என்று பதில் வரும். தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய கட்டத்தை யாருமே நிரப்பவில்லை, அவ்வளவுதான். பேட்டரியின் இன்றைய கொள்ளளவும் டிஸ்க் ஓடிய மணிநேரமும் வேறு ஜாதி. அவை பொருள் உழைக்க உழைக்கத் தானாகப் பதிவாகிறவை. நான் நம்புவது இவற்றைத்தான்.

எங்கள் ஊரை ஒட்டிய அரிக்கமேடு அகழாய்விலும் இதே கதை நடந்திருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதிந்த ஓடுகளை வைத்து அந்த இடத்துக்குக் காலம் சொன்னார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியபோது, அந்த ஓடுகள் வருவதற்கு முன்பே அங்கே ஆள் புழக்கம் இருந்தது தெரிந்தது. யாரோ பதித்த முத்திரை ஓட்டின் வயதைத்தான் சொன்னது, இடம் எவ்வளவு காலம் புழங்கியது என்பதை அல்ல.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவைக் கேட்டால் எத்தனை மணிநேரம் ஓடியது என்று சொல்லும். "வீட்டுல சும்மா வச்சிருந்தது" என்று காட்டிய லேப்டாப்பில் 14,000 மணி. ஆண்டுக்கு 8,760 மணிதான். தினம் எட்டு மணிநேரம் என்றாலும் கிட்டத்தட்ட ஐந்து வருட உழைப்பு. இந்தக் கணக்கிலும் கைவைக்கிறவர்கள் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பயன்படுத்திய சீகேட் டிஸ்குகளின் ஸ்மார்ட் எண்ணை அழித்துப் புதிது என்று விற்றது அம்பலமானது. டிஸ்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருந்ததை விற்றவர்கள் விட்டுவிட்டார்கள். உண்மையான மணிநேரம் அதில் அப்படியே இருந்தது.

பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆனது என்ற இடத்தில் சுழியம் வந்தால் குதிக்காதீர்கள். பல பேட்டரிகள் அதைச் சொல்வதே இல்லை. கடலோரத்தில் இருக்கிறவர்கள் டார்ச் அடித்து யூஎஸ்பி ஓட்டைக்குள்ளும் பாருங்கள். உப்புக்காற்று செய்த வேலையை எந்த ஸ்கிரிப்டும் சொல்லாது.

வாங்கின பிறகும் பென்டிரைவுக்கு வேலை இருக்கிறது. ராம், டிஸ்க் இவற்றின் சீரியல் நம்பர்களை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்துத் திரும்பி வந்ததும் இன்னொரு முறை ஓட்டி, பாகம் ஏதும் மாறியிருக்கிறதா என்று பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முன்னாலேயே பார்ப்பது நல்லது.